மஞ்சளைச் சிவப்பாக்கிய இயந்திரம்

என் மனைவிக்குப் பிடிவாதம் கூடவே பிறந்தது. வேறு கிரகத்து மண்ணில் இரும்பு எந்த வடிவில் இருக்கிறது என்று ஆராய்வது அவள் வேலை. நான் தையல்காரன். கடைக்கு வருபவர்கள் கேட்டால், "துரு பாக்கற உத்தியோகம்" என்பேன். அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் விஷயம் அதுதான். சிவப்புத் துரு தண்ணீர் இல்லாமலும் உண்டாகும். மஞ்சள் துரு அப்படியில்லை. தண்ணீர் பட்டுத்தான் பிறக்கும், அதில் கொஞ்சத்தைத் தனக்குள் கட்டியும் வைத்துக்கொள்ளும். அங்கே ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கிய ஆய்வு வண்டி மண்ணின் ஒளியை அளந்து அனுப்பும். இங்கே அரைத்து வைத்த தாதுப் பொடிகளோடு அதை அவள் ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

பொடி அரைக்க ஓர் இயந்திரம் கேட்டு மேலிடத்தோடு மல்லுக்கட்டி வாங்கினாள். அதற்குத் தூசி படாமல் உறை தைத்துக் கொடுத்தது நான்தான். எனக்குச் சட்டை தைக்கக்கூட அவ்வளவு அளவெடுத்ததில்லை.

அந்த இயந்திரம் அரைத்த மஞ்சள் துருவோடு வண்டி அனுப்பிய அளவு ஒத்துப்போகவில்லை. அந்தப் பெரிய பள்ளத்தில் தண்ணீர் நின்றதற்கு அடையாளமே இல்லை என்று கட்டுரை எழுதினாள். நல்ல பேர் கிடைத்தது. குழுத் தலைவி பதவி அவளுக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அடுத்த வண்டி இறங்க வேண்டிய இடங்களிலிருந்து அந்தப் பள்ளத்தை நீக்கவும் செய்தார்கள்.

பதவி முடிவாகும் கூட்டத்துக்கு முந்தைய வாரம் இயந்திரம் படுத்துவிட்டது. அவசரத்துக்குக் கல்லுரலில் குழவி கொண்டு கையால் அரைத்தாள். பொடி மஞ்சளாகவே இருந்தது. இயந்திரத்தில் அரைத்தது செம்மண் நிறத்தில் வரும். நைசாக அரைபட்டால் நிறம் ஏறும் என்று அதுவரை நினைத்திருந்தாள். உண்மையில், இயந்திரம் அடித்த அடியிலும் சூட்டிலும் உள்ளே இருந்த தண்ணீர் ஓடிப்போய், மஞ்சள் துரு சிவப்புத் துருவாகவே மாறியிருக்கிறது. கையால் அரைத்த பொடியை அளந்து பார்த்தாள். வண்டியின் அளவோடு அச்சு அசலாகப் பொருந்தியது.

வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"கூட்டம் முடியற வரைக்கும் வாயைத் தொறக்காதே" என்றேன்.

"தண்ணி நின்ன இடத்தைக் காஞ்ச இடம்னு எழுதி வச்சிருக்கேங்க. அதோட எப்படிப் போய் அந்த நாற்காலில உக்காருவேன்?"

அன்று நான் அவளோடு சாப்பிடவில்லை. அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்திருக்கிறாள். இயக்குநர் முகம் சுருங்கிவிட்டதாம்.

"அப்ப எதைம்மா நாங்க நம்பறது?"

"ரெண்டையும் சொன்னது நான்தான் சார். ரெண்டாவதை நம்புங்க. சந்தேகம்னா பொடியும் இருக்கு, குழவியும் இருக்கு, அரைச்சுப் பாருங்க."

அரைத்தே பார்த்துவிட்டார்கள். சாயங்காலம் கடைக்குப் போன் வந்தது.

"பதவி என்னாச்சு?" என்றேன்.

"அதுவா, அடுத்த அறைக்காரருக்குக் குடுத்துட்டாங்க." அவள் குரல் துள்ளியது. "அதை விடுங்க. அடுத்த வண்டி நம்ம பள்ளத்துலதான் இறங்கப் போகுது!"

நம்ம பள்ளமாம். வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுகூட நினைக்காமல் நான் விசித்து அழுதுவிட்டேன்.