அபியின் அறைக்கு ஒரு ப்ளாக்அவுட் கேர்ட்டின்

1. ஒரு பொட்டு வெளிச்சமும் வரக்கூடாது

"அக்கா, ஒரு பொட்டு வெளிச்சமும் உள்ளுக்கு வரக்கூடாது. அப்பிடி ஒரு துணி இருக்கோ?"

கடை திறந்து சாம்பிராணிப் புகைகூட அடங்கவில்லை. துணி வெட்டுகிற மேசைக்கு முன்னால் வந்து இப்படிக் கேட்டவளுக்கு எட்டு மாத வயிறு. மூச்சு வாங்கியது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "முதல்ல இருங்கோ தங்கச்சி. துணி எங்கயும் ஓடிப்போகாது."

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு கேர்ட்டின் கடையில் இருபது வருசத்துக்கு மேலாக வெட்டு மேசையில் நிற்கிறவள் நான். யன்னல் அளவைச் சொன்னால் எவ்வளவு துணி போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். வாயும் கொஞ்சம் கூடத்தான். "சாந்தாக்கிட்ட துணியும் வாங்கலாம், ஏச்சும் வாங்கலாம்" என்று எங்கள் முதலாளி ஹாஜியார் வாடிக்கையாளர்களுக்கே சொல்லிச் சிரிப்பார்.

வந்தவளின் பெயர் பிரவீணா. கொட்டாஞ்சேனையில் இருந்து அண்மையில்தான் வெள்ளவத்தைக்கு மாறியிருந்தார்கள். கடற்கரைப் பக்கம் ஒழுங்கை முடிகிற இடத்தில், மூன்றாம் மாடியில் வீடு. மகள் அபிக்கு ஆறு வயது. முதன்முதலாகத் தனக்கென்று ஓர் அறை கிடைத்த சந்தோசத்தில் பிள்ளை துள்ளியிருக்கிறாள். அந்தச் சந்தோசம் பொழுதுபடும் வரைக்கும்தான். அறையின் யன்னல் கோச்சிப் பாதையை, அதுதான் ரயில் பாதையை, சரிவாகப் பார்த்தபடி இருக்கிறது. இருட்டின பிறகு கோச்சி வந்தால், அதன் முன்விளக்கு வெளிச்சம் அறைக்குள் புகுந்து சுவர் சுவராகச் சுற்றிக்கொண்டு போகும்.

"ஆரோ டோர்ச் அடிச்சு என்னைத் தேடுகினம் எண்டு கத்துறாள் அக்கா. அந்தப் பக்கம் கால் வைக்கிறாள் இல்லை."

டோர்ச் அடித்துத் தேடுவது என்றால் என்னவென்று இந்தக் கொழும்பில் எங்கள் வயதுத் தமிழருக்குத் தெரியும். யுத்த காலத்தில் இராத்திரிச் சோதனைக்கு வந்து கதவு தட்டினால் முதலில் அடையாள அட்டையைத்தான் தேடுவோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்கு அந்தப் பயம் எங்கே இருந்து வந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பிரவீணாவின் கணவருக்கு இரத்மலானையில் ஒரு ஃபெக்டரியில் இரவு வேலை. பிள்ளை தாயோடுதான் படுக்கிறாள், நித்திரையில் வயிற்றில் உதைக்கிறாள். அடுத்த மாதம் குழந்தை வந்துவிடும்.

"அதுக்குள்ள அவள் தன்ர அறையில படுக்கப் பழகோணும் அக்கா. பேபி வந்த பிறகு அனுப்பினா, பேபிக்காகத்தான் அம்மா என்னைத் தள்ளிவிட்டவா எண்டு நினைப்பாள். பிறகு அது ஆயுசுக்கும் மனசில நிக்கும்."

அவள் சொன்னது சரி. ஆனால் எங்கள் தையல் பகுதியில் நத்தார்ப் பண்டிகைக்கான ஓடர் மலையாகக் குவிந்து கிடந்தது. கடையில் தைக்கக் கொடுத்தால் குழந்தைதான் முந்திக்கொள்ளும்.

"வீட்டில நானே தைக்கலாமோ? மெஷின் இல்லை."

"யன்னல் கேர்ட்டினுக்கு மெஷின் என்னத்துக்கு? ஊசியும் பொறுமையும் இருந்தாக் காணும்" என்றேன்.

2. மெஷின் இல்லாமல் தைக்கும் வழி

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

யன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுக்க வேண்டும். கேர்ட்டின் தொங்குகிற கம்பியை, ரொட்டை, யன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் நீட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் பக்கத்தால் நுழையும். முன்பக்கத்துக்கு வெள்ளைக் கொட்டன் துணி, பின்பக்கத்துக்கு ப்ளாக்அவுட் லைனிங். இரண்டையும் ஓரத்தில் சேர்த்து, மேலே மடித்து ரொட் நுழைகிற அளவுக்கு ஒரு பொக்கட். கீழே அகலமாக ஹெம் மடித்தால் துணி பாரத்தில் நேராக விழும்.

அலங்காரத்துக்குக் கடையில் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. வெண்டிக்காயின் காம்புப் பக்கத்தை வெட்டி, துணிப் பெயின்டில் தோய்த்து, கொட்டனில் குத்தினால் பூ. அதைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். காய்ந்த பிறகு மறுபக்கத்தால் அயன் பண்ணினால் சாயம் பிடித்துவிடும். இதெல்லாம் லைனிங் சேர்க்க முதல் செய்கிற வேலை.

கடைசியாக, விரலை நீட்டித்தான் சொன்னேன். "ப்ளாக்அவுட்டில ஒரு பக்கம் ரப்பர் மாதிரிப் பூச்சு இருக்கு. அதில ஊசி குத்தினா ஓட்டை ஓட்டைதான், மூடாது. குண்டூசி வேண்டாம், உடுப்புக் காயப்போடுற கிளிப் போடுங்கோ. ஓரத்தில மட்டும் தையுங்கோ. நடுவில ஊசி படவே கூடாது!"

எல்லாத்துக்கும் தலையாட்டினாள். தலையாட்டுகிற வாடிக்கையாளரை நம்பாதே என்பது இந்தத் தொழிலில் நான் படித்த முதல் பாடம்.

3. சல்லடை

அந்தக் கிழமை முடிய முதலே கடைக்குப் போன் வந்தது.

"அக்கா, எல்லாம் போச்சு." அழுகையில் அவளுக்குக் கதைக்க முடியவில்லை.

இரண்டு துணியும் ஒன்றில் ஒன்று வழுக்கியிருக்கிறது. அசையாமல் இருக்கட்டும் என்று, மெத்தை உறைக்குச் செய்கிற மாதிரி, நடுவால் வரிசை வரிசையாகப் பெரிய தையலில் நூல் ஓட்டியிருக்கிறாள். ஓரம் தைத்து முடிந்ததும் அந்த நூலை எல்லாம் இழுத்து எடுத்தாயிற்று. "அபிதான் அக்கா ஆசையா இருந்து ஒவ்வொரு நூலா இழுத்துத் தந்தவள்." பின்னேரம் கொழுவிப் பார்த்தால், வெயில் பட்டு கேர்ட்டின் சல்லடை மாதிரி இருக்கிறது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னனான் எல்லோ! காதை எங்க வச்சிருந்தனீங்கள்?" என்று பாய்ந்துவிட்டேன். எட்டு மாத வயிற்றோடு நிலத்தில் இருந்து கையால் தைத்த பெண். எனக்கே ஒரு மாதிரிப் போய்விட்டது. "சரி சரி, அழாதேங்கோ. மிச்சத் துண்டு ஒண்டு கிடக்கு. கடை பூட்டின உடன கொண்டு வாறன். பின்னால இன்னொரு படை போட்டா முடிஞ்சுது அலுவல்."

ஹாஜியாரும், "கொண்டு போங்க தங்கச்சி, பாவம்" என்றார்.

4. அறைக்குள் வந்தது

மூன்று மாடி ஏறி நான் போகும்போது நன்றாக இருட்டியிருந்தது. அபி தாயின் கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு இருந்தாள். ஒரு கை தாயின் சட்டையைப் பிடித்தபடி இருந்தது. நான் மட்டும் அவளுடைய அறைக்குள் போனேன்.

கேர்ட்டினில் செம்மஞ்சளும் நீலமுமாக வெண்டிக்காய்ப் பூக்கள். ஒரு மூலையில் பத்துப் பூ நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, நடுவில் ஒன்றுமே இல்லை. உண்மையைச் சொன்னால், கொள்ளை அழகு.

ப்ளாக்அவுட்டை எப்படிச் சோதிப்பது என்றால், கேர்ட்டினை இழுத்து மூடி, லைட்டை நிற்பாட்டி, கதவைச் சாத்திவிட்டு, கண் பழகும்வரை நிற்க வேண்டும். நின்றேன். தெரு விளக்கில் ஓட்டைகள் மங்கலாக வரிசை பிடித்துத் தெரிந்தன. ஒன்றா இரண்டா! "சீ, வீணாப்போன வேலை" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, கொண்டுவந்த துண்டைப் பிரிக்கத் தொடங்கினேன்.

கதவு திறந்தது. அபி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலை உள்ளே வைக்கவில்லை. பின்னால் இருட்டு ஹோலில் பிரவீணா.

"ஆன்ட்டி, லைட்டைப் போடுங்கோ. கோச்சி வருது."

யன்னல் கண்ணாடி அதிரத் தொடங்கியிருந்தது. நானே நிற்பாட்டின ஸ்விட்ச்தான், பழக்கமில்லாத அறையின் இருட்டில் கைக்கு அகப்படவில்லை. தடவிக்கொண்டு நிற்கும்போதே கோச்சி வந்துவிட்டது.

முதலில் சுவரின் கரையில் ஒரு புள்ளி வெளிச்சம். பிறகு ஒரு வரிசை. பிறகு சுவர் முழுக்க. சின்னச் சின்னப் புள்ளிகள், எண்ணிக்கை இல்லை, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நகரத் தொடங்கின. அலுமாரிக் கதவில் ஏறி, மூலையில் வளைந்து, சீலிங்கைத் தொட்டு, அடுத்த சுவரில் இறங்கின. என் சாறியிலும் ஏறின. புறங்கையைக் கடந்து போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கையை அசைத்தால் கலைந்துவிடுமோ என்று மூச்சைக்கூட விடவில்லை. ஐயோ கடவுளே! வெளிச்சத்தை மறைப்பதே தொழிலாக இத்தனை வருசம் இருந்தவள் நான். இப்படி ஒரு வடிவு என் வாழ்க்கையில் நான் காணவில்லை.

கோச்சி போய்விட்டது.

"அம்மா," என்றாள் அபி, மெதுவாக. "நான் நூல் இழுத்த இடமெல்லாம் வெளிச்சம் வந்தது."

அவள் உள்ளே வந்தாள். தானாக வந்தாள். சுவரில் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். "அடுத்த கோச்சி எப்ப வரும்?"

பிரவீணா என் கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். நான் அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

லைட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அந்த நேரத்துக்குள் பிள்ளைக்கு என்னை வேலை வாங்கும் துணிவு வந்துவிட்டது. "இந்த ரெண்டு வரிசைக்கு நடுவில ஓட்டை இல்லை ஆன்ட்டி. போடுங்கோ." ஊசியை எடுத்து, அவள் விரல் காட்டிய இடமெல்லாம் குத்தினேன். நல்ல ப்ளாக்அவுட்டின் நடுவில், வேணுமென்று. கை கூசியது. ஆனாலும் சந்தோசமாகக் குத்தினேன்.

அடுத்த கோச்சியை மூன்று பேரும் அந்தச் சின்னக் கட்டிலில் இருந்து பார்த்தோம். முடிந்ததும் பிரவீணா பழக்கத்தில் கையை நீட்டினாள். "வாங்கோ அபி, அங்கால போய்ப் படுப்பம்."

"நீங்க போங்கோ அம்மா." போர்வையை இழுத்துக்கொண்டாள். "லைட்டை நிப்பாட்டிட்டுக் கதவைச் சாத்துங்கோ. இல்லாட்டி வடிவாத் தெரியாது."

பிரவீணா கதவைச் சாத்தினாள். ஹோலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வெட்கம் என்ன இருக்கிறது.

5. இதில் நான் படித்தது

ப்ளாக்அவுட்டின் நடுவில் ஊசி குத்துகிறவர்களுக்கு இன்றைக்கும் என்னிடம் ஏச்சு விழும். அது தொழில். ஆனால் பிள்ளையின் அறைக்கு என்று யாரும் துணி வாங்க வந்தால், தைக்கும்போது பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி ஒரு வேலை கொடுங்கோ என்று சொல்லி அனுப்புகிறேன். அபியின் பயத்தைப் போக்கியது ஓட்டைகள் இல்லை. அந்த ஓட்டைகள் அவள் தன் கையால் நூல் இழுத்த இடங்கள், அதனால் வெளிச்சமும் அவளுடையது. கடையில் நான் தைத்துக் கொடுத்திருந்தால் வெளிச்சம் நின்றிருக்கும், பயம் நின்றிருக்குமா தெரியாது.

பிரவீணா ஆஸ்பத்திரியில் இருந்து போன் எடுத்தாள். ஆம்பிளைப் பிள்ளை, தாயும் சேயும் சுகம். அபி ஏதும் குழப்படியா என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. தம்பியை முதல்முதல் தன்ர அறைக்குத்தான் கொண்டு வரோணுமாம், கோச்சி காட்ட. அவன் பயப்பட்டா, தான் கையைப் பிடிச்சுக்கொண்டிருப்பாளாம்."