மூடித் திறந்தால் நிற்குமா

“இதுக்குள்ள வச்சா நிக்குமா மக்கா?” என்று கேட்டார் கனகதாஸ்.

“நிக்கும் மாமா,” என்றாள் ஜினி.

“கரண்டு போனா?”

“அப்பவும் நிக்கும்.”

“மூடிட்டுத் திறந்தா?”

“நிக்கும். டாக்டர்கிட்டயும் இப்பிடிக் கேட்டுத்தான் உயிரை எடுத்தீங்களா?”

“அவரு ஒண்ணும் நிக்காதுன்னு முதல்லயே சொல்லியாச்சு. அதாக்கும் உன்கிட்ட வந்து கேக்கேன்.”

அதற்குப் பிறகு ஜினிக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பனச்சமூடு சந்திப்பில் அவள் வேலை பார்க்கும் ஆன்லைன் சேவைக் கடைக்கு நேர் எதிரே, ரப்பர் வெட்டும் கத்தியும் ரப்பர்பால் பிடிக்கும் கப்பும் கம்பியும் விற்கிற கடை கனகதாஸுடையது. இரண்டு குடும்பமும் ஒரே சபை. மாதக்கணக்காக இருமிக்கொண்டிருந்தவரைத் திருவனந்தபுரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்குள் அவர் குரலை எங்காவது பிடித்து வைக்க வேண்டும்.

வழி சொன்னது ஜினிதான். பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்ன பிளக்-இன். திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வாக்கியத்தைப் பேசிப் பதியலாம். பிறகு கட்டத்தைத் தொட்டால் அதே குரலில் பேசும். பதிந்ததை அது வெளியே எங்கும் அனுப்பாது, அந்தக் கணினியிலேயே சேமித்துக்கொள்ளும். “போன்ல பதிஞ்சா போதாதா அப்பா?” என்று துபாயிலிருந்து மகன் நிபின் கேட்டான். “தேடி எடுக்கதுக்குள்ள கத்தி வாங்க வந்தவன் வெள்ளறடைக் கடைக்குப் போயிருவான்லே,” என்றார் கனகதாஸ்.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர் அவர். கடையைப் பூட்டியபின் பூட்டை ஒரு இழு இழுப்பார். நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து இன்னொரு இழு. ஆராதனையில் பாட்டு நடக்கும்போதே எழுந்துபோய் ஸ்கூட்டரின் சாவியை எடுத்தோமா என்று பார்த்துவிட்டு, அடுத்த சரணத்துக்கு வந்து சேர்ந்துகொள்வார். பாறசாலைக்குப் போகிற பஸ்ஸைப் பாதி வழியில் விட்டு இறங்கி, காஸ் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கு ஓடிவந்த கதையை அவர் மனைவி சரோஜம் இன்றைக்கும் விருந்தாளிகளுக்குச் சொல்வாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜினி தன் லேப்டாப்பை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவரால் உட்கார்ந்து பேச முடியவில்லை. மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். “சரோஜம், சாயா தா.” “நிபினே, சாப்பிட்டியா?” “கதவு பூட்டினியா?” “விலை குறையாது, வேணும்னா எடு.” அதையே மலையாளத்திலும் ஒரு தடவை சொன்னார். “நீ ஒண்ணும் பேசாண்டாம்” என்று பதிந்தபோது சரோஜம் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“சண்டை பிடிக்கதுக்கும் ரெக்கார்டா? கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு!”

“பின்னே? நீ மட்டும் வாயோட இருப்பே, நான் சும்மா கேட்டுட்டு இருக்கணுமோ?”

கட்டங்கள் நிறைந்தன. அவருடைய குரல் அடியில் மணலைப்போட்டு அரைப்பதுபோல் ஆகிவிட்டது. பேச்சைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள்.

“இனி மூடிட்டுத் திற.”

“மாமா, எல்லாம் கண்ணு முன்னாடியே இருக்கே. தொட்டா பேசுது பாருங்க.”

“திறந்திருக்க கடையில சாமான் இருக்கும். பூட்டிட்டுப் போனாத்தானே தெரியும். மூடு.”

அவரைச் சமாதானப்படுத்துவதற்காகத்தான் பிரவுசரை மூடினாள். திறந்தபோது கட்டங்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன.

ஜினி ஒவ்வொன்றையும் தொட்டாள். ஒன்றும் பேசவில்லை. சரோஜம் கையைத் துடைத்துக்கொண்டே வந்து திரையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். கனகதாஸ் வாசல்வரை போய்த் திரும்பினார், மறுபடி போனார்.

என்ன நடந்தது என்பது ஜினிக்கு மெல்லத்தான் பிடிபட்டது. அவள் வேலை பார்க்கும் கடையில் ஒரே நாற்காலியில் ஒருவர் கேரளத்து ரேஷன் கார்டுக்கும், அடுத்தவர் தமிழ்நாட்டு வருமானச் சான்றிதழுக்கும் உட்காருவார். இரண்டு பக்கமும் சொந்தமுள்ள எல்லை ஊர். ஒருமுறை ஒருவர் விட்டுப்போன கணக்கிலேயே இன்னொருவருடைய விண்ணப்பம் ஏறிவிட, பெரிய வழக்காகிவிட்டது. அன்றிலிருந்து பிரவுசரை மூடினால் எல்லாம் தானே அழிந்துவிட வேண்டும் என்பது கடை முதலாளியின் உத்தரவு. வீட்டிலும் அதே வேலையைப் பார்க்கிறவள் என்பதால் தன் லேப்டாப்பையும் ஜினி அப்படியே அமைத்திருந்தாள். அந்த பிளக்-இன்னோ, மூடினால் அழிந்துவிடும் என்று வாய் திறந்து சொல்லாது. பிரவுசர் ஜன்னல் திறந்திருக்கும்வரை எல்லாம் இருக்கிற மாதிரியே காட்டும்.

“ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க மாமா. நிக்குதான்னு பாத்துட்டு மற்றதைச் செய்யலாம்.”

“எந்த வார்த்தை?”

“எதானாலும் செரி.”

அவர் யோசிக்கவே இல்லை. கடையில் நாள் முழுக்கக் கத்தி உண்டா, கப்பு உண்டா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறதையே சொன்னார்:

“உண்டு.”

அமைப்பை மாற்றிவிட்டு மூடினாள், திறந்தாள். இல்லை. சரோஜம் மெல்லிய குரலில் ஜெபிக்கத் தொடங்கினாள். பழக்கதோஷத்தில் தடம் வைக்காத ‘இன்காக்னிட்டோ’ ஜன்னலையே திறந்திருக்கிறோம் என்பதை ஜினி அப்போதுதான் கவனித்தாள். சாதாரண ஜன்னலைத் திறந்து, மறுபடி அவரைச் சொல்லவைத்து, மூடித் திறந்தாள். முதல் கட்டத்தில் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி. தொட்டாள்.

“உண்டு,” என்றது லேப்டாப்.

கனகதாஸ் நடப்பதை நிறுத்திவிட்டார். “இன்னொரு தடவை மூடு,” என்றார் உடனே.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கினார்கள். பழைய பேச்செல்லாம் பேச அவருக்குத் தொண்டை இல்லை. சாயாவும் சாப்பிட்டியாவும் வந்தன. சண்டை பாதியிலேயே இருமலாகிவிட்டது. “அது போட்டும்,” என்று சரோஜமே சொன்னாள். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் முதல் கட்டத்தில் ஒரு “உண்டு”, மூடல், திறப்பு. நிற்கிறது என்று தெரிந்ததும் வாக்கியத்தை அடுத்த காலிக் கட்டத்தில் பதிந்துவிட்டு, ஜினி அந்தச் சோதனை வார்த்தையை அழிப்பாள். முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவிலும் போட்டுக் கொடுத்தாள். அதையும் செருகிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

இப்போது கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் பழையபடி கடையில் இருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் நிபின் வாங்கிக் கொடுத்த லேப்டாப். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அதைத் திறக்கிறார், மூடுகிறார், திறக்கிறார். பிறகு முதல் கட்டத்தைத் தொடுகிறார். எதிர்க்கடையில் இருந்தபடி ஜினிக்கு அது பேசுவது கேட்கும். விலை குறையாது என்று லேப்டாப் சொன்னால் வாங்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே பேரம் பேசுகிறார்கள். அவர் அதே கட்டத்தைத் திரும்பத் திரும்ப அமுக்குகிறார்.

ஆபரேஷனுக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசி வாக்கியமும் முடிந்தபின், முதல் கட்டத்தில் மிஞ்சியிருந்த சோதனை வார்த்தையை அழிக்க ஜினி கையைக் கொண்டுபோனாள். நடந்துகொண்டிருந்தவர் வந்து அவள் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் மேசையைத் தட்டினார். குரல் அநேகமாகக் காற்றாகிவிட்டிருந்தது.

“அதைக் களையாதே மக்கா,” என்றார். “முதல் கட்டத்திலயே கெடக்கட்டு.”