இரண்டாவது கிடார் எங்கே போனது?

மூன்று ஞாயிறுகளுக்கு முன்பு, காலை பத்தரை மணிக்கு, என்னைத் திட்டுவதற்காகவே ஒரு பெண் திருவொற்றியூரிலிருந்து பஸ் பிடித்து ராயபுரம் வந்தாள். கூடவே அவள் அப்பாவும்.

திட்டு வாங்குவது எனக்குப் புதிதில்லை. போஸ்ட் கார்டில் திட்டுவார்கள், போனில் திட்டுவார்கள்... ஆனால் விலாசம் விசாரித்து, படியேறி, செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுத் திட்ட வந்தவர்கள் இவர்கள்தான்.

விஷயம் என்ன? போன மாதம் இதே பக்கத்தில் நான் எழுதிய ஒரு விமர்சனம்.

ஞாபகம் இருக்கும். என் காலேஜ் நாளிலிருந்து விடாமல் கேட்டு வரும் அந்த இங்கிலாந்து ராக் குழு. பெயரைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஏற்கெனவே நிறையச் சொல்லி உங்களைப் படுத்தியாகிவிட்டது. வட இங்கிலாந்தில், மழையும் புகைபோக்கியும் மூடிப்போன கப்பல் பட்டறைகளுமாக இருக்கிற ஓர் ஊரின் நாலு பேர். பெரிய கம்பெனி கூப்பிட்டும் போகாமல், தங்களுக்குத் தோன்றியதைச் சின்னக் கம்பெனி ஒன்றில் இருபது வருஷமாகப் பாடிக்கொண்டிருப்பவர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் சாம்பல் பறக்கும்போது அவர்கள் பாட்டைக் கேட்டால், இது நம்மூர் ஆட்கள் பாடுவதுதானே என்று தோன்றும்.

அவர்களுடைய ஒன்பதாவது ஆல்பம் வந்தது. லண்டன் போய் வந்த நண்பர் ஒருவர் சிடி கொண்டு வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலு தடவை கேட்டேன். பிறகு உட்கார்ந்து, கிழி கிழியென்று கிழித்தேன்.

'அட்டையில் நாலு பேர் நிற்கிறார்கள். உள்ளே மூன்று பேர்தான் இருக்கிறார்கள். இரண்டாவது கிடார்காரர் எங்கே போனார் — டீ குடிக்கவா? எல்லாப் பாட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. வயசானால் வீட்டில் உட்காரலாமே?'

ரசித்து ரசித்து எழுதினேன். பாராட்டி இரண்டு பேர் போன்கூடச் செய்தார்கள்.

அந்தப் பெண் பெயர் கௌரி. இருபத்திரண்டு, இருபத்துமூன்று இருக்கும். கால் சென்டரில் வேலை. அப்பா ஏழுமலை, காசிமேடு துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். உள்ளங்கை ரேகையெல்லாம் கிரீஸ். எவ்வளவு கழுவினாலும் போகாது போலிருக்கிறது.

கௌரி சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"சார், நான் ஒன்பதாவது படிக்கும்போது நீங்க எழுதினதப் படிச்சுட்டுதான் இவங்களக் கேக்கவே ஆரம்பிச்சேன். உங்களாலதான். இப்ப நீங்களே இப்படி எழுதலாமா? ரெண்டாவது கிடார் இல்லைன்னு எப்படி சார் எழுதுனீங்க? ஆல்பம் முழுக்க அவர்தான் சார் இருக்காரு!"

"ஒவ்வொருத்தர் ரசனை ஒவ்வொரு மாதிரி..." என்று ஆரம்பித்தேன். எழுதுகிறவர்கள் மாட்டிக்கொண்டால் சொல்கிற வசனம் அது.

"ரசனை இல்ல சார். இருக்கறத இல்லைன்னு சொல்றீங்க."

ஏழுமலை அவள் கையைத் தட்டினார். "இரும்மா. நான் கேக்கறேன்." என் பக்கம் திரும்பினார். "சார், நமக்கு இங்கிலீஷ் பாட்டெல்லாம் தெரியாது. மூணு வாரமா இதே பேச்சுதான் வூட்ல. ஒரே பேஜாரு. நேத்து பஸ்ல வந்துகினு இருந்தோம். இன்னாதான்மா அந்தப் பாட்டுன்னு கேட்டேன். இயர்போன்ல ஒண்ண அது காதுல வச்சிகினு இன்னொண்ண என் காதுல சொருகிச்சி. நான் சொன்னேன், 'இன்னாம்மா, ஒரே ஒரு கிடாருதான கீது?'ன்னு."

"அப்பா சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு சார்," என்றாள் கௌரி. "ஏன்னா அப்பா காதுல இருந்தது வலது பக்கம் மட்டும். முதல் கிடார் அந்தப் பக்கம். ரெண்டாவது கிடார் முழுக்க இடது பக்கம். அப்படித்தான் ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க."

ஏழுமலை தலையாட்டினார். "அதான் சார். உங்க மேல தப்பு கிடையாது. உங்க ஹெட்போன்ல ஒரு பக்கம் ஒயரு அறுந்துருக்கும். எடுத்தாங்க, ரெண்டு நிமிஷத்துல பத்த வச்சுத் தர்றேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் கூட எடுத்துவிட்டார். பாவம், மகள் திட்ட வந்தாள்... அவர் ரிப்பேர் செய்ய வந்திருக்கிறார்!

எனக்கும் நிம்மதிதான். ஒயர் மேல் பழி போட்டுவிடலாமே. ஹெட்போனைக் கொண்டுவந்து கொடுத்தேன், சிடியைப் போட்டேன். அவர் மாட்டிக்கொண்டு கேட்டார். ஒரு பக்கத்தைக் கழற்றிக் கேட்டார். அடுத்த பக்கத்தைக் கழற்றிக் கேட்டார். ஒயரை இழுத்துப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார்.

பிறகு மகளிடம் நீட்டினார். அவளும் கேட்டாள். அவள் முகத்தில் இருந்த கோபம் அப்படியே கரைந்து போவதை நான் பார்த்தேன். அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

"என்ன? ஒயர்தானே?" என்றேன்.

"ரெண்டு பக்கமும் பாடுது சார்," என்றார் ஏழுமலை, மெதுவாக. "மாத்திப் போட்டுக் கேளுங்க. இந்தப் பக்கத்த அந்தப் பக்கம்."

மாற்றி மாட்டினேன்.

என்ன சொல்ல... இல்லாத ஒருவர் வந்துவிட்டார். ஒரு மாதமாக எந்தக் கிடாரைக் காணோம் என்று கேலி செய்தேனோ, அது என் வலது காதுக்குள் நின்று வாசித்தது. மெலிதாக, பிடிவாதமாக, பாடுகிறவனிடம் தகராறு செய்கிற மாதிரி. அது வந்ததும், போன நிமிஷம் வரை இருந்த முதல் கிடாரைக் காணோம். துடைத்து எடுத்த மாதிரி.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

"கண்ண மூடிக்கங்க சார்," என்றார் ஏழுமலை. மூடினேன். "இன்னா கேக்குது?"

"ஒன்றும் கேட்கலையே. என்ன செய்கிறீர்கள்?"

கண்ணைத் திறந்தேன். அவருடைய கைக்கடிகாரத்தைக் கழற்றி என் இடது காதோடு ஒட்டிப் பிடித்திருந்தார். வலது காதுக்குக் கொண்டு போனார். டிக், டிக், டிக்... சுத்தியல் அடிக்கிற மாதிரி.

காபி டபராக்களோடு என் மனைவி மல்லிகா கதவருகில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"எங்க வேலைல சகஜம் சார்," என்றார் ஏழுமலை. "இன்ஜினு ஓரமா இருக்கற காது முதல்ல போவும். போறது தெரியவே தெரியாது. என் தோஸ்து ஒருத்தன், பொண்டாட்டி பேச மாட்டேங்குதுன்னு ஒரு வருஷம் சண்ட போட்டுகினு இருந்தான்."

கௌரி எழுந்தாள். "சாரி சார்," என்றாள்.

திட்ட வந்த பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். அதைவிடத் திட்டியிருக்கலாம்!

மறுநாள் டாக்டர். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மெஷின் ரிப்பேர் போல என்று நினைத்தேன். வெளியே வந்தபோது டெஸ்ட் எடுத்த டெக்னீஷியன் என்னைப் பார்க்கவில்லை, மல்லிகாவைத்தான் பார்த்தார்.

"இடது பக்கம் ஏறக்குறைய முழுசா போயிருக்கு. எத்தனை நாளா?" என்றார் டாக்டர்.

"நேற்றிலிருந்து," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷமாவது இருக்கும். ஒரு பக்கம் மட்டும் போயிருக்கறதால ஸ்கேன் பார்த்துடுவோம். நரம்புல கட்டி ஏதாவது இருக்கான்னு."

கட்டி என்ற வார்த்தை மட்டும் எனக்கு ஸ்டீரியோவில் கேட்டது.

இரண்டு வருஷமாக ஒருவனுக்கு ஒரு காது இல்லை. அது அவனுக்கே தெரியவில்லை. சாத்தியமா? யோசித்துப் பார்த்தேன். போனை எப்போதும் வலது காதில்தான் வைத்திருக்கிறேன். போன வருஷம், 'கன்டெய்னர் லாரிகள் ஒரு பக்கம் ஹாரன் அடித்துவிட்டு இன்னொரு பக்கம் வந்து நிற்கின்றன' என்று கோபமாக எழுதியிருந்தேன். ஒற்றைக் காதுக்குச் சத்தம் வரும் திசை தெரியாதாம், டாக்டர் சொன்னார். லாரி டிரைவர்களே, நீங்கள் சரியான பக்கம்தான் வந்தீர்கள்.

அப்படியானால் அந்தக் குழுவின் பழைய ஆல்பங்கள்? அவை மட்டும் எப்படி முழுசாகக் கேட்டன?

இங்கேதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. வீட்டுக்கு வந்து, அவர்களுடைய மூன்றாவது ஆல்பத்தை ஹெட்போனில் போட்டு, வலது பக்கத்தைக் கழற்றி அந்தக் காதை அழுத்தி மூடிக்கொண்டேன். வெறும் அமைதி. திரும்ப மாட்டினால், எல்லா வாத்தியமும் இருக்கிறது! நன்றாகக் கவனித்தபோதுதான் புரிந்தது. பாதியைக் காது கேட்கிறது. மீதியை ஞாபகம் வாசிக்கிறது. இருபது வருஷப் பழக்கத்தில் ஒவ்வொரு நோட்டும் மனப்பாடம். புது ஆல்பத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதைக் காதால்தான் கேட்டாக வேண்டும்.

'அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா' என்று நாம் எத்தனை பேர் சொல்கிறோம்? சொல்லும் முன் ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்கேன் சென்டர். வரிசையாக நாற்காலிகள். மல்லிகா வழக்கம்போல என் இடது பக்கம் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் கழித்து எழுந்தாள், சுற்றி வந்து வலது பக்கம் உட்கார்ந்தாள்.

"அப்ப அன்னைக்குக் கல்மண்டபம் சிக்னல்ல நான் சொன்னது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"என்றைக்கு?"

"போன வருஷம். ஸ்கூட்டர்ல."

ஸ்கூட்டரில் புடவையோடு ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்காருகிற பெண்ணின் வாய், ஓட்டுகிறவனின் இடது தோளுக்கு மேல் இருக்கும். இதை நான் முன்பு யோசித்ததே இல்லை.

"எக்ஸ்போர்ட் கார்மென்ட் கம்பெனியில செக்கிங் செக்ஷன் சூப்பர்வைசர் வேலை வந்திருக்கு, போகட்டுமான்னு கேட்டேன். நீங்க பதிலே சொல்லல. ரெண்டாவது தடவையும் கேட்டேன். வண்டிய இன்னும் வேகமா ஓட்டுனீங்க. சரி, இஷ்டமில்லை போலன்னு விட்டுட்டேன்."

"வேண்டாம்னு நான் சொல்லலையே!"

"வேணும்னும் சொல்லலையே."

"வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாமே மல்லிகா..."

"ரெண்டு தடவை பதில் வராத கேள்விய மூணாவது தடவை எப்படிங்க கேக்கறது?"

அவள் கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள், பால் திரிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஸ்கேன் பயம் என்று நினைத்திருப்பார்கள்.

பெண்கள் வேலைக்குப் போவதை ஆதரித்து இந்தப் பக்கத்தில் எத்தனை வாரம் எழுதியிருக்கிறேன், தெரியுமல்லவா? எல்லாவற்றையும் முதலில் படிக்கிறவள் அவள்தான்.

நாலு நாள் கழித்து ரிசல்ட் வந்தது. கட்டி இல்லை. எப்போதோ வந்த ஒரு ஜுரம், ஒரு வைரஸ், எதுவாகவும் இருக்கலாம், காரணம் தெரியாமலும் போகலாம் என்றார் டாக்டர். போன காது திரும்பாது. இருக்கிற காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். இதையெல்லாம் சொல்லக் கூச்சப்பட்டு, போன இரண்டு வாரமும் இங்கே மின்வெட்டு, குடிநீர் லாரி என்று எதையோ எழுதி ஒப்பேற்றினேன். மன்னியுங்கள்.

அந்த ஆல்பத்தை இப்போது முறையாகக் கேட்டு முடித்தேன். ஏழுமலை உபயத்தில்! இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே காதுக்கு அனுப்பும்படி ஒரு ஒயரை அவரே பற்றவைத்துக் கௌரியிடம் கொடுத்தனுப்பியிருந்தார். பாடுகிறவருக்குக் குரல் தளர்ந்திருக்கிறது, உண்மைதான். அது தளர்கிற இடத்திலெல்லாம் இரண்டாவது கிடார் முன்னால் வந்து தாங்கிக்கொள்கிறது. வயசான நாலு பேர், யார் எங்கே மூச்சு வாங்குவார் என்று தெரிந்துகொண்டு வாசிக்கிறார்கள். அவர்களுடைய ஒன்பது ஆல்பங்களில் இதுதான் சிறந்தது என்று கௌரி சொல்கிறாள். நான் இரண்டாவது இடம் தருவேன். இந்த விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது, போனில், வலது காதில்.

ஆக, போன மாத விமர்சனத்தை முழுசாக வாபஸ் வாங்குகிறேன். இரண்டாவது கிடார்காரரே, நீங்கள் டீ குடிக்கப் போகவில்லை.

மல்லிகாவிடம் இன்னொரு விஷயம் பாக்கி இருந்தது. போன வெள்ளிக்கிழமை மெதுவாக ஆரம்பித்தேன். "அந்த வேலை... இப்பவும் உனக்கு இஷ்டமிருந்தா..."

"அந்த கம்பெனிய மூடி ஆறு மாசம் ஆச்சு."

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, என்னைச் சுற்றி வந்து, வலது பக்கம் நின்றாள்.

"தண்டையார்பேட்டைல வேற ஒரு கம்பெனி. திங்கக்கிழமைலேர்ந்து போறேன்."

கவனித்தீர்களா? இந்தத் தடவை அவள் கேட்கவில்லை!