நீங்கள் நட்ட இரண்டு வரிசை

பிள்ளைகளே, சொன்ன சொல்லை மீறி நான் கிழங்கைத் தோண்டிவிட்டேன் என்று நீங்கள் இருவரும் ஒருமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டது உங்களுக்கு இப்போது நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அப்போது நாம் அருவங்காட்டில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் சரிவில் இரண்டு கட்டில் போடும் அளவுக்கு மண். பொங்கல் கழிந்ததும் அதில் உருளைக்கிழங்கு நட்டோம். மூத்தவளே, உனக்கு ஒரு வரிசை, தம்பிக்கு ஒரு வரிசை. முளை மேலே பார்க்க வேண்டும் என்றேன். சின்னவனே, நீ ஒவ்வொரு கிழங்கையும் தூக்கிக் காட்டி, "இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கமுங்கப்பா?" என்று கேட்டாய். அக்கா தன் வரிசையின் தலைமாட்டில் சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சியை ஊன்றினாள். உன்னுடையது மொட்டைக் குச்சி.

அந்த வாரமே உனக்கு மூச்சிழுப்பு கூடிவிட்டது. குளிர் ஆகாது என்றார் டாக்டர். அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு கோபிப் பக்கம் தன் ஊருக்குப் புறப்பட்டாள். சித்திரையில் திரும்புவதாகப் பேச்சு. பஸ் ஜன்னல் வழியாக மூத்தவள் விரலை நீட்டினாள்.

"நாங்க வந்துதான் தோண்டோணும். நீங்க தொட்டீங்கன்னா பாருங்க!"

"தொடமாட்டேன் சாமி."

மாசியில் செடி ஒரு சாண் வந்திருந்தது. ஒரு காலை இலையெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளை. வெயில் வந்தால் பனி காய்ந்துவிடும் என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்நாட்டில் பிறந்தவனுக்கு அவ்வளவுதான் தெரியும். அடுத்த குவார்ட்டர்ஸ்காரர் இந்த மலையிலேயே பிறந்தவர். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, செடிக்குக் கொள்ளி வெக்கறீங்களா? வெயில் படறதுக்கு முன்னால தண்ணி தெளிச்சு பனியக் கழுவுங்க. ஊருக்குப் போய் சோளம் வெதைக்கத்தான் நீங்க லாயக்கு."

நான் வாளியை எடுப்பதற்குள் தம்பி வரிசையில் பாதிமேல் வெயில் ஏறிவிட்டது. மதியம் அந்த இலைகள் கருகித் தொங்கின. அதன்பின் பனி விழுந்த காலைகளில் எல்லாம், தொழிற்சாலைச் சங்கு ஊதுமுன் விறைத்த கையோடு தண்ணீர் தெளித்தேன். கருகியதும் மெல்லத் துளிர்த்தது.

பங்குனியில் மலை மாறியது. தேயிலைச் சரிவு இளம்பச்சையாயிற்று. உருளைச்செடி வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்தது. குன்னூர்ப் பக்கமிருந்து ரயில் ஊதினால் நிமிர்ந்து பார்ப்பேன். நீங்கள் பஸ்ஸில்தான் வருவீர்கள் என்று தெரிந்தும் பார்ப்பேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுசாயும்வரை என் குரலையே நான் கேட்டதில்லை. ஒருநாள் செடியிடம், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, வேலிப்பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன்.

சித்திரையில் செடி மஞ்சளாகிச் சாய்ந்தது. தோண்டும் பருவம். வந்தது அம்மாவின் கடிதம். 'பையனுக்கு மறுபடியும் இழுப்புங்க. இந்த வருசம் மலை ஏற வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. கெழங்கை நீங்க தொடக்கூடாதுன்னு பெரியவ எழுதச் சொல்றா.'

தொடவில்லை. கோடை மழை இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் கேட்டார்.

"அழுகப் போகுதுங்க. யாருக்காக வெச்சிருக்கீங்க?"

"புள்ளைங்க வரட்டும்னு."

"அவங்க வர்றவரைக்கும் மழை விட்டு வெக்குமாங்க?"

ஐந்தாம் நாள் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு கிழங்கு கூழாக வந்தது. அன்று பகல் லீவு போட்டுவிட்டு, கிழங்கில் வெட்டுப் பட்டுவிடும் என்று மண்வெட்டியை ஒதுக்கி, கையாலேயே தோண்டினேன். மூத்தவளின் வரிசை ஒரு கூடை. தம்பியுடையது அரைக்கூடை, எல்லாம் பொடிசு. கலந்துவிடாமல் இரண்டு பையில், மண்ணைக் கழுவாமல் கட்டினேன். கோபிக்கு லீவில் போகிற ஒருவரிடம், எந்தப் பை யாருடையது என்று இரண்டு தடவை சொல்லி பஸ் ஏற்றினேன்.

திரும்பி வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. பின்பக்கம் போய், மண்வெட்டியால் அதே இடத்தில் இரண்டு வரிசை இழுத்தேன். ஒன்றும் நடவில்லை. அது நீங்கள் வந்து நடுவதற்கு. ரிப்பன் குச்சியையும் மொட்டைக் குச்சியையும் தலைமாட்டில் பழையபடி ஊன்றிவிட்டு, கை கழுவ உள்ளே போனேன்.