மையத்தில் இல்லாத டீச்சர்

சரோஜா டீச்சர் இறந்த செய்தியை அவருடைய அங்கன்வாடி ஆயா கஸ்தூரிதான் போனில் சொன்னார். "மேடம், டீச்சர் பூட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே..." நான் அரக்கோணத்தில் ரயிலுக்கு நின்றிருந்தேன். வந்த ரயிலில் ஏறத் தோன்றவில்லை.

திருத்தணி மலையடிவாரத்தில் அவர் நடத்திய அங்கன்வாடி மையம், சக டீச்சர்களும் ஆயாக்களுமான உங்களுக்குத் தெரியும். கான்வென்ட் வேன்கள் தெருத்தெருவாக வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, மலைப்படியில் பூவும் தேங்காயும் விற்பவர்களின் பிள்ளைகள்தான் அங்கே மிஞ்சினார்கள். "வேன்ல போற புள்ளைங்கள அவுங்க பாத்துப்பாங்க மேடம். இதுங்கள யாரு பாக்கறது?" என்பார்.

எடை போடும் நாளில் ஒரு தாய், "மொட்டை போட்டோம் டீச்சர், அதான் எடை கொறஞ்சிபோச்சி" என்றாள். "ஆங், முடி அரை கிலோ இருந்துச்சா? ஒழுங்கா சத்துமாவு கிண்டிக் குடு" என்று சிரித்தார். ஆனால் உள்ள எடையைத்தான் எழுதினார். அதனாலேயே மாதக் கூட்டத்தில் அவர் மையம் கடைசியில் நிற்கும். எல்லார் முன்னாலும் அவரைக் கடிந்துகொண்டவள் நான்.

மேற்பார்வையாளராக வந்த புதிதில் ஒரு கிருத்திகையன்று ஆய்வுக்குப் போனேன். வெளியூர்க்காரி, காலண்டர் பார்க்கவில்லை. மையத்தில் ஆயாவும் மூன்று பிள்ளைகளும் மட்டும். "டீச்சர் மலைக்குப் போயிருக்காங்க மேடம்" என்றார் கஸ்தூரி. வேலை நேரத்தில் சாமி கும்பிடப் போய்விட்டாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேலே சொல்ல வந்ததைக் கேட்காமல் மெமோ எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

உண்மை மறுநாள் மையத்துக்குத் திரும்பப் போனபோதுதான் தெரிந்தது. கிருத்திகைக் கூட்டத்தில் வியாபாரம் பார்க்கத் தாய்மார்கள் பிள்ளைகளோடு மலையேறிவிடுவார்கள். டீச்சர் கலவை சாதத்தைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு படியேறி, ஒவ்வொரு பிள்ளையாகத் தேடி ஊட்டிவிட்டு வருவார். "முட்டைய மட்டும் நாளைக்கின்னு வெச்சிட்டேன் மேடம். கிருத்திகையில மலைமேல எடுத்துகினு போவ முடியுமா?" என்றார் டீச்சர். பதிவேட்டைப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆப்சென்ட் போட்டிருந்தார். ஏன் என்றேன். "மையத்துக்கு வர்ல இல்ல மேடம், வந்துச்சின்னு எப்படி எழுதறது?" என்றார்.

மெமோவை ரத்து செய்கிறேன் என்று அன்றே வாக்குக் கொடுத்தேன். அதற்கு, நாள் பார்க்காமல் போன என் தவறை மேலதிகாரிக்கு எழுத வேண்டும். கௌரவம் தடுத்தது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று வருடங்களைக் கடத்தினேன். அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செய்திருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளவும் வெட்கமாக இருக்கிறது. ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கையில், கோப்பில் அந்தக் கறையோடேயே போய்விட்டார். அவரோடு வேலை செய்த உங்கள் எல்லாரிடமும் இதை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

மெமோவுக்கு அவர் கொடுத்த விளக்கக் கடிதத்தை நான் மேலே அனுப்பவே இல்லை. அது மட்டும்தான் அவருடையதாக என்னிடம் இருக்கிறது. இரண்டே வரி:

"அன்று நான் மையத்தில் இல்லை என்பது உண்மை. பிள்ளைகள் இருந்த இடத்தில் இருந்தேன்."