தெரியாத ஆள் வேலை

குஜிலியம்பாறையை விட்டு வேடசந்தூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அன்று காலையில்தான் போர்வெல் வண்டி வேலையை விட்டிருந்தேன். குழாய் தூக்கும் வேலை. காதில், பல்லிடுக்கில், சோற்றில் எல்லாம் கல்மாவு. அது பழகிவிட்டது. தண்ணீர் வராத குழி ஒன்றை மூடிவிட்டு வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பியபோது ஏறத் தோன்றவில்லை; ஏறவில்லை. என் வேலைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிந்திருக்கின்றன.

போனில் பேசியது திண்டுக்கல்லில் நாய் பழக்கும் அக்கா.

"ஏப்பா, நீ செஞ்சு குடுத்த வெப்சைட்டப் பாத்து இன்னைக்கும் ஒருத்தரு கூப்ட்டாரு. நாய் பிடிக்கிற வண்டி எங்க தெருவுக்கு எப்ப வரும்னு கேக்குறாரு."

"நேத்து யாரும் கூப்பிடலையாக்கா?"

"கூப்ட்டாங்களே. குட்டி என்ன வெலைன்னு. போதும்ப்பா. திங்கக்கெழமையில இருந்து மில்லுக்கு வாரேன்னு சொல்லிட்டேன். வேன் தெருமுனைக்கே வருதாம்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. நன்றாக முயற்சி பண்ணினாய் என்று வேறு சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

போர்வெல்லுக்கு முன்னால் திண்டுக்கல்லில் கொஞ்ச காலம் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தேன். அந்த வேலையில் ஊரைத் தெருப்பெயரை வைத்துத் தெரிந்துகொள்வதில்லை, நாயை வைத்துத்தான். எந்தச் சந்தில் இறங்கி நடக்க வேண்டும், எந்த வீட்டில் பார்சலைச் சுவருக்கு மேலே நீட்ட வேண்டும் என்று உடம்புக்கே தெரியும். அக்கா வீட்டில் மட்டும் நான்கைந்து நாய்கள் வாசலில் படுத்தபடி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். எப்படி என்று கேட்டேன். ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக இருந்தபோது, மேசைக்கு வரும் நாய்களை அமைதிப்படுத்தியே கற்றுக்கொண்டாராம். அந்த மருத்துவர் ஊரை விட்டுப் போன பிறகு இதையே தொழிலாக்கப் பார்த்தார். ஆள் வரவில்லை. "பொம்பளைக்கு இதெல்லாம் ஒரு தொழிலா" என்று அவருடைய அண்ணன் நச்சரிப்பு.

நான் சைட் செய்து தருகிறேன் என்றேன். ஒன்பதாம் வகுப்பைக்கூட முடிக்காதவன்தான். திருப்பூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் கூட்டிப் பெருக்கி, அங்கேயே படுத்துக் கிடந்த காலத்தில், ராத்திரி சும்மா இருக்கும் கம்ப்யூட்டரில் இதைக் கற்றுக்கொண்டேன். அக்காவின் சைட்டை முழுக்க போனிலேயே செய்தேன். யாரோ வெளிநாட்டுக்காரர் செய்துவைத்திருந்த மாதிரிப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். முகப்பில் பச்சைப் புல்வெளி, அதில் சடைசடையாக ஒரு பொன்னிற நாய். கீழே, "உங்கள் செல்லப்பிராணிக்கு உலகத்தரம் வாய்ந்த ஒழுக்கப் பயிற்சி." வரைபடத்தில் அக்கா வீட்டைக் குறித்துவைத்தேன். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் யார் நாயைப் பற்றித் தேடினாலும் அக்கா பெயர் வரும்படி ஊர்ப்பெயர்களை எல்லாம் சேர்த்தேன். வரவும் செய்தது. வந்த அழைப்புகள்தான் அப்படி.

போனை வைத்தபின் வெயில் அதிகமாகத் தெரிந்தது. ரோட்டை ஒட்டிய முருங்கைத் தோட்டத்தில் ஒரு வீடு. தண்ணீர் கேட்கலாம் என்று கம்பிக் கதவைத் திறந்தேன். செவலை நாய் ஒன்று காதை மடக்கிக்கொண்டு ஓடிவந்தது. நின்றுவிட்டேன்.

வீட்டுக்குள்ளிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார். "சும்மா வாங்க தம்பி, ஒண்ணும் செய்யாது!"

ஓர் எட்டு வைத்தேன். பேண்ட் முழங்காலுக்குக் கீழே கிழிந்து தொங்கியது.

"அடியாத்தீ! இவன் இப்படிச் செய்யவே மாட்டானே!"

பல் தோலில் படவில்லை. ஆனாலும் அந்த அம்மா விடவில்லை; பைப்படிக்கு இழுத்துப்போய், சோப்பைக் கொடுத்துக் கழுவச் சொல்லி, காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் தண்ணீர் தந்தார். வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்து நாயைக் கட்டினார்.

"பாத்தியா? இதுக்குத்தான் சொல்றேன். மக மாமியா வீட்டு ஆளுகள்லாம் வேன் வச்சு வாராக. பேரனுக்குக் காது குத்து. இவன் சம்பந்தி வேட்டியப் புடிச்சான்னா என்னத்துக்கு ஆவுறது? பேசாம மச்சான் தோப்புல கொண்டுபோயி விட்டுருவோம்."

"விட்டுட்டு? பன்னி வந்தா நீங்க போயி குரைப்பீகளா?" என்றார் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரரிடம், "நாய் பழக்குறவங்க இருக்காங்கண்ணே, போன்ல தேடிப் பாத்தீங்களா?" என்றேன்.

"நான் எங்க எழுதித் தேட? போன்ட்ட வாயால கேட்டேன். சொந்தக்காரக வந்தா நாய் மேல பாயுது, என்ன செய்யன்னு. ஒண்ணு வந்துச்சு, திண்டுக்கல்லுன்னு போட்டு. தொறந்தா ஒரு சடைநாயி புல்லுல ஒக்காந்திருக்கு. அது பங்களாக்காரகளுக்கு. நம்ம நாய்க்கு அதெல்லாம் என்னத்துக்கு? இவன் என்ன சர்க்கஸுக்கா போறான்?"

அது நான் செய்த சைட் என்று நான் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். பார்சல் கொண்டுபோன நாட்களில் எத்தனையோ வாசல்களில் இதே குரலைக் கேட்டிருக்கிறேன்: ஒண்ணும் செய்யாது. இந்தப் பக்கத்தில் தன் நாய்க்குப் பயிற்சி வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. நாய் நல்ல நாய்தான். வந்தவர் பயந்ததால்தான் கடித்தது. விசேஷம் வரும்போது மட்டும் பின்கட்டில் கட்டிப் போடுவார்கள், அது நாள் முழுக்கக் கத்தும், சமையல்காரர் திட்டுவார். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் அவர்களுக்குக் கவலை. நான் ஒழுக்கத்தைப் பற்றி எழுதிவைத்திருந்தேன்.

போனை எடுத்துப் பொன்னிற நாயை நீக்கினேன். கட்டிக் கிடந்த செவலையைப் படம் பிடித்துப் போட்டேன். கேட்டுவிட்டுத்தான். "மூஞ்சி நல்லா வர்ற மாதிரி எடுங்க" என்றார் அம்மா. உலகத்தரத்தை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "வீட்டில் விசேஷமா? சொந்தக்காரர்கள் வரும்போது நாயை எங்கே கட்டுவது என்று கவலையா? தோட்டத்துக்கே வந்து பழக்கித் தருகிறோம். நாய் விற்பதில்லை, பிடிப்பதில்லை." பெயரும் ஊரும் பிரச்சினையும் எழுதச் சொன்ன கட்டங்களை எடுத்துவிட்டேன். என் நாய் கடிக்கிறது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? போன் எண் மட்டும் பெரிதாக இருந்தது.

பிறகு அக்காவைக் கூப்பிட்டு, போனை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசினார்கள்.

"வாசல்ல ஆள் வந்தா நீங்க என்னம்மா செய்வீக?" என்று போனில் அக்கா கேட்டது என் காதிலும் விழுந்தது.

"ஒண்ணும் செய்யாது வாங்கன்னு சொல்லுவேன்."

"நீங்க அடுப்படியில இருந்து சத்தம் போடுவீக. அவன் அங்க தனியா நிப்பான். யாரு நல்லவுக, யாரு திருடன்னு அவனேதான முடிவு பண்ணணும்?"

அம்மா செவலையைத் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கே வந்து பாக்குறீகளா?" என்றார்.

வீட்டுக்காரருக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை. ஆனாலும் செவலை படம் வந்த பக்கத்தைச் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். கூடவே, "யாருக்காவது உபயோகப்படும்" என்று வாயால் ஒரு வரி பேசிப் போட்டார். தனக்கு என்று சொல்லவில்லை. நான் திண்டுக்கல் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது அக்கா மறுபடி கூப்பிட்டார்.

"ஏப்பா, வடமதுரையில இருந்து ஒருத்தரு. பக்கத்து வீட்டு நாய்க்குக் கேக்குறாராம். அய்யலூர்ல இருந்து ஒரு அம்மா, தங்கச்சி வீட்டு நாய்க்கு. யாருக்கும் சொந்தமா நாயே இல்ல போல!"

நெடுநாள் கழித்து அவர் சிரிப்பைக் கேட்டேன்.

"மில்லுக்கு?"

"இந்த மாசம் வரலைன்னு சொல்லப் போறேன். அண்ணன் கத்தும், கத்தட்டும். காது குத்துக்குள்ள இந்தச் செவலையச் சரி பண்ணிக் காட்டலைன்னா நானே போயி வேன்ல ஏறிக்கிறேன். ஆனா எனக்கு ஒரு ஆள் வேணும்ப்பா. நாய்க்குத் தெரியாத ஆளு. நான் ரெண்டு நாள் போனா என்னையப் பழகிக்கும். தெனமும் புதுசு புதுசா யாராச்சும் வாசலுக்கு வரணும். நீ சும்மாதான இருக்க?"

"செவலைக்குத்தான் என்னையத் தெரியுமே. பேண்ட்டையே கிழிச்சிருச்சே."

"கொடை, ஹெல்மெட், சாக்குமூட்டைன்னு மாத்தி மாத்தி வா. அதுக்கு நீ வேற வேற ஆளு."

மறுநாள் காலை அதே கம்பிக் கதவுக்கு வெளியே, விரித்த குடையோடு நின்றேன். செவலை காதை மடக்கிக்கொண்டு வந்தது. உள்ளே அந்த அம்மா வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற அக்கா அவர் கையைத் தொட்டார். வாயை மூடிக்கொண்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அவரே நடந்து வந்து, நாய்க்கு முன்னால் நின்றார்.

"நில்லுங்க தம்பி, வாரேன்" என்றார்.

நின்றேன். அதுதான் வேலை. நாய் ஓய்ந்து உட்கார்ந்ததும் அக்கா கையைக் காட்டினார். ரோடு வரை நடந்துபோய், குடையை மடக்கி வைத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மறுபடி புது ஆளாக அந்த வாசலுக்கு வந்தேன்.