ரயில்வே கேட்டில் வரைந்த முதுகுகள்

தினமும் படம் வரையும் பழக்கம் வேண்டுமென்றால் விடியற்காலையில் எழுந்திருங்கள் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். அவர் வீட்டில் இட்லி அவிப்பது யார் என்று சொல்லவில்லை.

எனக்கு நேரம் கொடுத்தது ரயில்வே கேட்தான். புதுக்கோட்டையில் நான் ஆபீஸ் போகும் வழியில், காலை ரயிலுக்காகத் தினமும் கேட்டைப் போட்டுவிடுவார்கள். எல்லோரும் ஹாரன் அடிப்பார்கள். நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து, எதிரே தெரிவதை வரைவேன். எதிரே தெரிவது எப்போதும் யாருடைய முதுகாவதுதான்.

கீரமங்கலத்திலிருந்து மொபட்டில் பூ மூட்டை கொண்டுவரும் ஒருவருக்கு இடது தோள் சற்று இறங்கியிருக்கும். ஒருநாள் கண்ணாடியில் என்னைக் கவனித்துவிட்டார்.

"திரும்பி உக்காரட்டுமாக்கா?"

"வேணாங்க, அப்படியே இருங்க."

அதன்பிறகு ரயில் போகும்வரை ஆடாமல் அசையாமல் இருப்பார்.

பிறகு மேம்பாலம் திறந்தார்கள். ஊரே இனிப்பு தின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபீசுக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். அந்தப் பத்து நிமிடத்துக்கும் மேனேஜர் வேலை வைத்திருந்தார். நோட்டு பையிலேயே கிடந்தது.

போன வாரம் கடைவீதியில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னக்கா, இப்பல்லாம் வரையிறதில்லையா?"

யாரென்று தெரியவில்லை. தெரிந்ததுபோல் நானும் சிரித்து, "எங்கங்க நேரம் இருக்கு?" என்றேன்.

"சரிக்கா, வாரேன்" என்று திரும்பி நடந்தார்.

இடது தோள் சற்று இறங்கியிருந்தது.